நடுவுக்கு வராத தொட்டி

என் முப்பத்தைந்து வருஷ ரயில்வே சர்வீசில் எண்பத்தேழு பேய்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் மூன்று, டிக்கெட் இல்லாமல் என்னிடம் அகப்பட்டவை. இரண்டை இருகூரில் இறக்கிவிட்டேன். மூன்றாவது கைக்குழந்தையோடு இருந்ததால் போத்தனூர் வரை வர விட்டேன்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அன்று ராத்திரி கனகத்தின் டீக்கடையில் இதைச் சொன்னபோதும் சிரிக்கத்தான் செய்தார்கள். 1967, ஐப்பசி மழை. போத்தனூர் ஸ்டேஷனுக்கு எதிரே தகரக் கூரை. கரண்ட் போய் ஒரு மணி நேரம்... ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. அதைச் சுற்றி ஆறு பேர். சாரலுக்குப் பயந்து ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. கடைசி பாசஞ்சர் எப்போது வரும் என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது.

ஆறு பேரில் சிரிக்காதவர் ஒருவர்தான். பாலகோபால். சிரித்தால் எனக்கு மரியாதை கொடுத்ததாக ஆகிவிடும் என்று நினைப்பவர். என் நண்பன் நரசிம்மலுவின் அக்கா புருஷன். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பௌதிக வாத்தியார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். டிக்கெட் இல்லாதவனை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

"டி.டி.ஆரு, எண்பத்தேழுன்னு எண்ணி வெச்சிருக்கீங்களே. அதுல ஒண்ணையாச்சும் எங்க கண்ணுல காட்டுங்க" என்றார்.

"காட்டறனுங்க வாத்தியாரே. எங்கூட்டுப் பேயி எதுக்கு? உங்க பேயையே காட்டறேன். வெள்ளகோவில் கெணத்துப் பேயி."

மூலையில் தூங்கிக்கொண்டிருந்த நரசிம்மலு ஒரு கண்ணைத் திறந்தான். பாலகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அது போதும். ஆரம்பித்துவிட்டேன்.

மணி பகல் பன்னிரண்டு.

ஆமாம், பகல். ராத்திரி வருகிற பேய் சோம்பேறிப் பேய். இருட்டில் யார்தான் பயமுறுத்த முடியாது? ஒரு பூனை போதும். உச்சி வெயிலில், அவனவன் நிழல் அவனவன் காலடியிலேயே சுருண்டு கிடக்கிற நேரத்தில் வருகிறதே... அதற்குத்தான் நான் எழுந்து நின்று இடம் கொடுப்பேன்.

வெள்ளகோவிலிலிருந்து தெற்கே, தாராபுரம் பக்கம் இறங்குகிற மண் பாதை. 1959, சித்திரை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்குள் மேய்ச்சல் காடு, காட்டில் ஒரு புல் இல்லை. வண்டி இல்லை, ஆள் இல்லை, காக்கைகூட இல்லை. அந்தப் பாதையில் இரண்டு சைக்கிள்கள். முன்னால் வாத்தியார். பின்னால், ஒரு இரும்புக் குண்டைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க நம் நரசிம்மலு. அந்தக் குண்டு இரண்டு மணங்கு எடை.

"பதினாலு ராத்தல்" என்றார் பாலகோபால்.

இருக்கட்டும். அவர்கள் போனது அங்கப்பன் என்கிற பண்ணாடியின் தோட்டத்துக்கு, அங்கே கிணற்றில் பேய் இல்லை என்று காட்ட. பண்ணாடி என்றால் காடும் மாடும் உள்ளவர். அங்கப்பனுக்குப் பதினெட்டு காங்கேயம் மாடுகள். கிணறு வற்றி மூன்று மாதம். இன்னும் நாலு அடி வெட்டினால் தண்ணீர். ஆனால் வெட்ட ஆள் இறங்க மாட்டேன் என்கிறான். மாடுகள் தொட்டிக்கரையில் நின்று காய்ந்த தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம், உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்க்கிற மாதிரி இருந்ததாம்.

கிணறோ... முந்நூறு அடி ஆழம்.

"எழுபது."

"சரிங்க, எழுபது. உழுந்தா எழுபதுலயே சாகலாம்."

அங்கே கிணறு வெட்டுகிற முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றின் குறுக்கே பனைமர விட்டம். விட்டத்தின் நடுவில் கப்பி. கப்பி வழியாக வடக்கயிறு. கயிற்றின் ஒரு முனையில் இரும்புத் தொட்டி, மறு முனையில் ஒரு ஜோடி காளைகள். கீழே ஆள் வேட்டு வைத்துப் பாறையை உடைத்துத் தொட்டியில் போடுவான். காளைகள் நடக்கும், தொட்டி மேலே போகும். கல்லோடு அவன் தலைக்கு நேர் மேலே... அதனால் அவர்களுக்கு ஒரு சட்டம். காலையில் வெறும் தொட்டியை இறக்கிப் பார்ப்பார்கள். தொட்டி ஆடாமல் நின்றால் ஆள் இறங்குவான். நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. கூலி போனாலும் இறங்க மாட்டான்.

அந்தக் கிணற்றில் ஒரு வருஷமாகத் தொட்டி நிற்கவில்லை. ஒரு வருஷம் முன்புதான் பாலுசாமி செத்திருந்தான். கிணறு வெட்டுகிறவன். கல்லோடு சேர்ந்து தொட்டியிலேயே மேலே வந்தவன், பாதி வழியில் தொட்டி சுவரில் மோதி, கீழே போனான். விழுந்தது கிணற்றின் நடுவில். அவன் நின்று வெட்டிய இடத்திலேயே.

அவனுடைய கூட்டாளி நஞ்சுண்டன். இப்போது இறங்க வேண்டியவன் அவன்தான். அவன் வாத்தியாரிடம் சொன்னான்:

"தொட்டி சுத்துதுங்க. சோத்தாங்கைப் பக்கமாச் சுத்துது, சித்த நேரங்கழிச்சு நொட்டாங்கைப் பக்கமாச் சுத்துது. நடுவுக்கு மட்டும் வர மாட்டேங்குது. பாலுசாமி வர உட மாட்டேங்கறானுங்க."

வாத்தியார் என்ன செய்தார்? சாவிக்கொத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத முப்பது பேர் முன்னால், உச்சி வெயிலில், பாடம். பனங்காட்டுக்கே பாடம் நடத்துகிற ஆள் அவர். நேராக இழுத்துவிட்டால் சாவி நேராக ஆடும். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் முட்டை வடிவமாகச் சுற்றும். அந்த முட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் திருப்பிக்கொண்டே போகும். சுற்றுகிற சாவி நடுப்புள்ளி மேல் வராது, வரவும் முடியாது. இதற்கெல்லாம் பேய் வேண்டாம், சுண்டு விரல் போதும் என்றார்.

"சுத்தறது செரிங்க. திரும்பி எதுத்த பக்கமாச் சுத்துதே?" என்றான் நஞ்சுண்டன்.

அதற்கும் பதில் வைத்திருந்தார் மனுஷர். கப்பியாம். கப்பி ஒரு திசையில் உருளும், குறுக்குத் திசையில் உருளாது. அதனால் தொட்டி அந்தப் பக்கம் ஆடுகிற நேரம் வேறு, இந்தப் பக்கம் ஆடுகிற நேரம் வேறு. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. நேராக ஆடுவது முட்டையாகும், முட்டை வட்டமாகும், வட்டம் மறுபடி முட்டையாகி, ஒரு தரம் நேராகி, எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பிக்கும்.

"கப்பியை எடுத்துப்போட்டு ஒரே புள்ளியில ஒரு குண்டைத் தொங்க உட்டுப் பாரு. ஒரு பக்கமாச் சுத்த ஆரம்பிச்சா அடங்கற வரைக்கும் அந்தப் பக்கம்தான். மறுபக்கம் திரும்போணும்னா ஒரு கை வேணும். இந்தக் கெணத்துல கை இருக்குதுன்னு காட்டுங்க, நான் அன்னைக்கே பாடஞ் சொல்றதை உட்டுப்போடறேன்" என்றார்.

"நான் அப்படிச் சொல்லலை" என்றார் பாலகோபால் டீக்கடையில்.

"சொன்னீங்க மாமா. நான் அங்கதான் மூச்சு வாங்கிட்டு நின்னேன்" என்றான் நரசிம்மலு, கண்ணைத் திறக்காமல்.

கப்பியைக் கழற்றினார்கள். விட்டத்தின் நடுவில் ஒரு இரும்புப் பிடி, அதில் கோயமுத்தூர் மில் ஒன்றிலிருந்து கொண்டுவந்த எஃகுக் கம்பி, கம்பியின் முனையில் குண்டு. குண்டுக்கு அடியில் ஓட்டை போட்ட தகர டப்பா, டப்பா நிறையக் கோலமாவு. குண்டு போகிற வழியையெல்லாம் மாவு தரையில் கோடு போட்டுக் காட்டும். கையால் தள்ளினால் கை நடுங்கும் என்று, குண்டை ஒரு பக்கம் இழுத்து நூலால் கட்டி, நூலைத் திரி வைத்து எரிக்கிற ஏற்பாடு. வேட்டுக்கு வைக்கிற அதே திரி. இதற்கெல்லாம் அவரே நூலேணியில் இறங்கினார். திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே வந்தார். ஏன் பகல் பன்னிரண்டு என்று கேட்டீர்களே? அந்தக் கிணற்றின் அடிக்கு அப்போதுதான் வெயில் எட்டும்.

நூல் அறுந்தது. குண்டு புறப்பட்டது.

போய்... வந்தது. ஒரு தடவை போய்வர ஒன்பது விநாடி. நரசிம்மலு கடிகாரம் பிடித்தான். கீழே மாவு சுர்ர்ரென்று கொட்டுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. கயிறு போட்ட மாதிரி ஒரே கோடு. பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம். வாத்தியாரின் மீசை ஒரு அங்குலம் உயர்ந்தது. "இந்தக் கோடு மணிக்கு மூணு டிகிரிகூடத் திரும்பாது. அந்தத் திருப்பமும் பூமி சுத்தறதால" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அங்கப்பனுக்கு எரிச்சல். "ஏனுங்க வாத்தியாரே, பூமி சுத்தறதை எங்க கெணத்துலதான் வந்து பார்க்கோணுமா? உங்க காலேஜுல பூமி நிக்குதுங்களா?"

அப்போதுதான் சத்தம் மாறியது.

சுர்ர்... சுர்ர்... என்று வந்துகொண்டிருந்தது, இழுத்துச் சுர்ர்ர்ர் என்று ஒரே இழையாக ஆனது. எட்டிப் பார்த்தார்கள். கோடு வாயைத் திறந்துகொண்டிருந்தது. முட்டை. மெல்ல வட்டம். குண்டு சோற்றாங்கைப் பக்கமாகச் சுற்றியது. ஒரு ஆறேழு சுற்று. வட்டம் ஒடுங்கியது... நின்றுவிடும் என்று பார்த்தால்... நொட்டாங்கைப் பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.

கப்பி இல்லை. வேலியில் ஒரு இலை அசையவில்லை. கம்பி ங்ஙீ என்று முனகியது. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. வெடிமருந்து வாடை அல்ல... ஈரப் புகையிலை. பாலுசாமி எப்போதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பான். நஞ்சுண்டன் தலைத் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

முப்பது பேரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "காத்து" என்றார். எழுபது அடிக் கிணற்றின் அடியில், சித்திரை உச்சியில், காற்று. மூன்றாங்கிளாஸ் பையன் இதைச் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

"அன்னைக்கு மேலே கொஞ்சம் காத்து இருந்துச்சு" என்றார் பாலகோபால்.

"மேல இருந்த காத்துக்குக் கீழ என்னங்க வேலை?" என்றாள் கனகம், பாய்லரில் கரி தள்ளிக்கொண்டே. "எங்கடையில மேல அடிக்கற காத்து இந்த வெளக்கைக்கூட அணைக்க மாட்டேங்குது."

மாவு தீர்ந்தது. குண்டு அடங்கியது. வாத்தியார் மறுபடி இறங்கினார், கோலத்தைப் பார்க்க. கால் மணி நேரம் கீழேயே இருந்தார். நூலேணி ஆடுவது மட்டும் மேலே தெரிந்தது. ஏறி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கரையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை வாங்கி... பதினெட்டு மாடு தாகத்தில் நிற்கிற தோட்டத்தில்... ஒரே மூச்சில் குடித்தார்.

"என்னங்க இருக்குது?" என்றான் நஞ்சுண்டன்.

"ஒண்ணுமில்லை. கோடுதான் இருக்குது. தாராளமா எறங்கலாம்."

"நெசமாலுமுங்களா? எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க. நீங்க படிச்சவரு. நீங்க சொன்னா எறங்கறனுங்க."

"எறங்கு."

அவ்வளவுதான். அப்பன் காலத்திலிருந்து வந்த சட்டத்தை ஒரே சொல்லில் அடித்துவிட்டார்.

மறுநாள் காலை கப்பியை மாட்டினார்கள். வெறும் தொட்டியை இறக்கினார்கள். தொட்டி சுற்றியது. நஞ்சுண்டன் வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் கப்பியைக் காட்டினார். அவன் நூலேணியில் கால் வைத்தான்.

மூன்று தொட்டிக் கல் மேலே வந்தது. நாலாவது தொட்டி கிளம்பியபோது உச்சி. இப்போது வாத்தியாரின் பாடத்தில் அவர் சொல்லாமல் விட்ட பக்கம் வருகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிற ஒன்றை மேலே இழுத்தால், கயிறு குறையக் குறைய அது இன்னும் அகலச் சாய்ந்து சுற்றும். வேகம் கூடும். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றார். பாதி வழியில் தொட்டி சுவரை உரசியது. க்ரீச்... அடுத்த சுற்றில் மோதியது. கவிழ்ந்தது.

ஒரு யானை எடைக் கல். அத்தனையும் கீழே.

காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. புழுதி மேலே வந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... பிறகு கீழேயிருந்து இருமல்.

நஞ்சுண்டன் கிழக்குச் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தான். கல் விழுந்தது நடுவில். அவன் கடப்பாரை நடுவில் வளைந்து கிடந்தது. பாறை பிளந்து தண்ணீர் குபுகுபுவென்று ஒரு ஆள் உயரத்துக்கு...

"கணுக்கால் அளவு" என்றார் பாலகோபால். குரல் தணிந்திருந்தது.

கணுக்கால் அளவு. அன்று சாயங்காலம் பதினெட்டு மாடுகளும் குடித்தன. நஞ்சுண்டனை மேலே தூக்கினார்கள். எலும்பு ஒன்று உடையவில்லை. ஒன்றுதான் சொன்னான்: "நெஞ்சுல கை வெச்சுத் தள்ளுனாங்க." அதற்கப்புறம் அவன் எந்தக் கிணற்றிலும் இறங்கவில்லை. காங்கேயத்தில் சந்தைக்கு மாடு ஓட்டிப் பிழைத்தான்.

நான் நிறுத்தினேன். யாரோ பீடியை அணைத்தார்கள்.

"பயத்துல தானே குதிச்சிருப்பான்" என்றார் பாலகோபால். "தொட்டி மோதுன சத்தம் கேட்டு ஒதுங்கியிருப்பான். அதுக்கு ஒரு கதை. நம்பறதுக்கு அஞ்சு பேரு."

"அது செரிங்க" என்றாள் கனகம். "மொத நாளு அந்த மாவுல என்னங்க இருந்துச்சு? கால் மணி நேரம் கீழ என்ன பண்ணுனீங்க?"

"மண்டை ஓடு இருந்துச்சு" என்றேன் நான். "கண்ணுக்குழியில இருந்து பொகை வந்துச்சு. வாத்தியாரைப் பேரு சொல்லிக் கூப்புட்டுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானே சிரித்தேன். சொல்லும்போதே தெரியும், இது நம்பும்படி இல்லை. பாலகோபால் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக அல்ல. நேராக.

"மண்டை ஓடெல்லாம் இல்லீங்க" என்றார்.

கண்ணாடியை மறுபடி துடைக்கப் போனார். துணி கையில் இல்லை. வேட்டி நுனியால் துடைத்தார்.

"கோலம் நல்லா உழுந்திருந்துச்சு. ஒவ்வொரு எதழும் தெளிவா இருந்துச்சு. நடுவுல மட்டும் ரெண்டு எடத்துல மாவு உழுகலை. கோடு வந்து நிக்குது, அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பிக்குது. கல்லு இருந்திருக்கும்னு தடவிப் பார்த்தேன். சமதரை."

இதை நான் எழுதித் தந்திருந்தாலும் அவர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

"ரெண்டு காலு. வெறுங்காலு. மாவு கொட்டற அத்தனை நேரமும் ஒருத்தன் அசையாம நின்னா எப்படி இருக்குமோ, அப்படி. வெரலெல்லாம் கெழக்குச் சுவத்தைப் பார்த்து இருந்துச்சு. மேல முப்பது பேரு நிக்கறாங்க. நான் சொன்ன பேச்சு இருக்குது. செருப்புக் காலால தேச்சு அழிச்சேன். ரெண்டையும் அழிச்சுப்போட்டு ஏணி ஏறுனேன்."

மழை விட்டுவிட்டது என்பதை அப்போதுதான் கவனித்தோம். தூரத்தில் ரயில் கூவியது. எவரும் எழுந்திருக்கவில்லை.

"நாலு படி ஏறித் திரும்பிப் பார்த்தனுங்க. அழிச்ச எடத்துல மறுபடி இருந்துச்சு. இப்ப வெரலு ஏணியைப் பார்த்து இருந்துச்சு. அதைப் பார்த்துப்போட்டுத்தான் மேல வந்து, ரெண்டு புள்ளைக்காரன்கிட்ட எறங்குன்னு சொன்னேன்."

என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்ன எடை பொய்யி, ஆழம் பொய்யி, யானை பொய்யி. ஆனா நஞ்சுண்டன் தானாக் குதிக்கலை, அங்க நின்னவன்தான் தள்ளி உட்டான். நடந்துச்சுங்க, டி.டி.ஆரு."